புழுக்கமான காற்று கனமா, லேசா? டிராக் ரேஸ் காரும் வானிலையும்

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, பெரும்பாலும் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை வினாடியில் கடக்கிறோம் என்கிற போட்டி. வளைவு கிடையாது, பிட் ஸ்டாப் கிடையாது. அதனால் காலையில் 10.00 வினாடி ஓடிய கார் மதியம் 10.18 ஓடினால், ஓட்டுநர் மேல் பழி போடுவதற்கு முன் வானத்தைப் பார்க்க வேண்டும்.

பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லும் காரணம் பாதி நேரம் தலைகீழாக இருக்கிறது. "இன்றைக்கு ஒரே புழுக்கம், காற்று கனமாக இருக்கிறது, அதான் கார் இழுக்கவில்லை" என்பது அடிக்கடி காதில் விழும் வசனம். கார் இழுக்கவில்லை என்பது உண்மை. காற்று கனம் என்பது தவறு. புழுக்கமான காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. கார் திணறுவதே அதனால்தான்.

படி அரிசியும் படி பொரியும்

ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவு. தராசில் வைத்தால் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். இன்ஜின் ஒரு படி மாதிரி. அதற்கு எடை பார்க்கத் தெரியாது, கொள்ளளவு மட்டும்தான் தெரியும்.

அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் போட்டிகளில் புரோ ஸ்டாக் என்ற பிரிவில் ஓடும் கார்களின் இன்ஜின் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். சிலிண்டர்கள் ஒரு சுற்று முழுதாக நிரம்பினால் உள்ளே போவது 8.2 லிட்டர் காற்று. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்றின் எடை சுமார் 10 கிராம். கொலராடோ மலைப்பகுதியில் ஒரு வெயில் நாளில் அதே 8.2 லிட்டரின் எடை 7.7 கிராம்தான். படி நிறைந்துதான் இருக்கிறது. உள்ளே அரிசிக்குப் பதில் பொரி.

ஒரு கன மீட்டர் காற்றின் எடைக்குக் காற்றடர்த்தி என்று பெயர். கடல்மட்டம், 15 டிகிரி, உலர்ந்த காற்று என்றால் அது 1.225 கிலோ. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ரேஸ் இன்ஜினில் ஏறத்தாழ 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று எடைக்கு எடை பார்த்துத்தான் விடுகிறார்கள். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், திறனும் குறையும்.

இதுவரை சுருக்கமாக: இன்ஜின் கொள்ளளவால் காற்றை அளக்கிறது; திறன் அந்தக் காற்றின் எடையைப் பொறுத்தது, இன்னும் சரியாகச் சொன்னால் அதிலுள்ள ஆக்சிஜனைப் பொறுத்தது.

படியில் பொரியை நிரப்பும் மூன்று பேர்

முதல் ஆள் வெப்பம். காற்று சூடானால் விரியும். சாதாரண வானிலையில் 3 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 1 சதவீதம் இறங்கும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே கணக்கில் வருவது வானிலை அறிக்கையில் சொன்ன வெப்பம் அல்ல, இன்ஜின் வாய்க்குள் போகும் காற்றின் வெப்பம். பானெட்டுக்கு அடியில் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரி கூடச் சூடாக இருக்கலாம். பானெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காற்றுப்புழை அழகுக்கு வைத்ததல்ல.

இரண்டாவது ஆள் காற்றழுத்தம். 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 1 சதவீதம் போகும். உயரம் ஏற ஏற அழுத்தம் விழுகிறது; கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் இதே காரணத்தால்தான். புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். செல்போன் செயலியோ தொலைக்காட்சியோ சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. வெவ்வேறு உயரத்திலுள்ள ஊர்களை ஒரே வரைபடத்தில் ஒப்பிட வானிலைக்காரர்களுக்கு அது தேவை. இன்ஜினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 5,800 அடி உயரத்தில் இருக்கும் தடத்தில் செயலி 1013 என்று காட்டும். அங்கே உண்மையில் இருப்பது 818ஐ ஒட்டி. தடத்தில் நேரடியாக அளந்த இந்த எண்ணுக்கு நிலைய அழுத்தம் என்று பெயர். நமக்கு வேண்டியது அது மட்டும்தான்.

மூன்றாவது ஆள் நீராவி. இவரைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தண்ணீர் கலந்த பால்

பால்காரர் ஒரு லிட்டர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்தால் பாத்திரம் பெரிதாகாது. தண்ணீர் வந்த அளவுக்குப் பால் வெளியேறியிருக்கிறது. காற்றில் நீராவி சேர்வதும் அப்படித்தான். ஒரு நீராவி மூலக்கூறு வந்தால் அந்த இடத்திலிருந்த ஒரு காற்று மூலக்கூறு நகர்ந்துவிட்டது என்று பொருள். நீராவி மூலக்கூறின் எடை 18, காற்று மூலக்கூறுகளின் சராசரி எடை 29. கனமானது போய் லேசானது வந்ததால் ஈரக்காற்று லேசாகிறது. நமக்குக் கனமாகத் தோன்றுவது வியர்வை உலராததால். அது தோலின் பிரச்சினை, தராசின் பிரச்சினை அல்ல.

வெப்பம் 30 டிகிரி, அழுத்தம் 1010, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காற்றில் நீராவியின் பங்கு சுமார் 34 ஹெக்டோபாஸ்கல். உலர்ந்த காற்றோடு ஒப்பிட்டால் மொத்த அடர்த்தி 1.3 சதவீதம்தான் குறைந்திருக்கும். ஆனால் ஆக்சிஜன் 3.4 சதவீதம் குறைந்திருக்கும். பாத்திரத்தின் எடை அவ்வளவாக மாறவில்லை, பால் மட்டும் நன்றாகவே குறைந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் கோடை மாலையில் டிராக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த 3.4 சதவீதம் அன்றாடச் செலவு.

ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. அது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 10 டிகிரியில் 90 சதவீதம் என்றால் நீராவி 11 ஹெக்டோபாஸ்கல். 33 டிகிரியில் 40 சதவீதம் என்றால் 20. சதவீதம் பாதிகூட இல்லை, நீராவி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆக மூன்று வாய்பாடு: 3 டிகிரி வெப்பம், 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தக் குறைவு, 10 ஹெக்டோபாஸ்கல் நீராவி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 சதவீத ஆக்சிஜனைத் தின்னும்.

அடர்த்தி உயரம்: மூன்றையும் ஒரே எண்ணில் சொல்ல

மூன்று எண்களையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைவது சிரமம் என்பதால் விமானிகள் வைத்திருந்த ஒரு அளவை ரேஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் அடர்த்தி உயரம். இன்றைய காற்றின் அடர்த்தி, ஒரு நிர்ணயிக்கப்பட்ட சராசரி வளிமண்டலத்தில் எத்தனை அடி உயரத்தில் இருக்கும் அடர்த்திக்குச் சமம் என்பதை அது சொல்கிறது. தடம் கடற்கரையில் இருந்தாலும் வெயில் நாளில் இன்ஜின் தான் 2,400 அடி மலையில் இருப்பதாக உணரலாம்.

மனக்கணக்குக்கு ஒரு வழி உண்டு. சராசரி வளிமண்டலத்தில் கடல்மட்டத்தில் 15 டிகிரி. ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். உங்கள் தடத்தின் உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதலோ அதை 120ஆல் பெருக்கி, தடத்தின் உயரத்தோடு கூட்டுங்கள். டென்வர் நகரை ஒட்டி, மாரிசனில் இருந்த பாண்டிமேர் ஸ்பீட்வேயின் உயரம் 5,800 அடி. அங்கே இருக்க வேண்டியது ஏறத்தாழ 3.5 டிகிரி. ஜூலை மதியம் 32 டிகிரி என்றால் 28.5 டிகிரி கூடுதல், 120ஆல் பெருக்கினால் 3,420 அடி. மொத்தம் சுமார் 9,200 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650 அடிதான். அதற்கும் மேலே ஏறி நின்று கால் மைல் ஓட்டுவது மாதிரி.

நேரம் எவ்வளவு கெடும்? கால் மைல் நேரம் திறனின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. நடைமுறையில், திறன் 3 சதவீதம் குறைந்தால் நேரம் 1 சதவீதம் கூடும். அடர்த்தி உயரம் 1,000 அடி ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். எனவே 10 வினாடி காருக்கு 100 அடிக்கு 0.01 வினாடி. இயற்கையாகக் காற்றிழுக்கும் இன்ஜினுக்கு இந்தக் கணக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தும்.

ஒரே நாள், மூன்று ஓட்டம்

கடல்மட்டத்தை ஒட்டிய ஒரு தடம். காலை 10 மணிக்கு 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், அழுத்தம் 1015. கார் 10.00 ஓடுகிறது. அடர்த்தி உயரம் 700 அடி.

மதியம் 3 மணிக்கு 33 டிகிரி, 40 சதவீதம், 1011. அடர்த்தி உயரம் 2,400 அடி. ஆக்சிஜன் காலையைவிட 5.2 சதவீதம் குறைவு. நேரம் 10.18.

இரவு 9 மணிக்கு 24 டிகிரி, 80 சதவீதம், 1012. காலையைவிட 4 டிகிரிதான் கூடுதல், குளுகுளுவென்று காற்று வேறு அடிக்கிறது. கார் காலை நேரத்துக்குத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்போம். திரும்பாது. அடர்த்தி உயரம் 1,400 அடி. அதாவது காலையைவிட 700 அடி அதிகம், 0.07 வினாடி மெதுவாக 10.07 வர வேண்டும். ஆனால் ஆக்சிஜனைத் தனியாகக் கணக்கிட்டால் 2.6 சதவீதம் குறைவு, 10.09 வருகிறது.

அந்த 0.02 வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அடர்த்தி உயரம் நீராவியின் எடையையும் காற்றின் எடையாகவே சேர்த்து எண்ணுகிறது. விமானத்தின் இறக்கைக்கு அது சரி. இறக்கை எடையைத் தள்ளித்தான் மேலே போகிறது. இன்ஜினுக்கு அது சரியல்ல, நீராவி எரிவதில்லை. டைனோ எனும் கருவியில் இன்ஜின் திறனை அளப்பவர்கள் நீராவியைக் கழித்துவிட்டு உலர் காற்றின் அழுத்தத்தை மட்டும் கணக்கில் எடுப்பது இதனால்தான். நல்ல வானிலைக் கருவி அடர்த்தி உயரத்தோடு நீராவி அழுத்தத்தையும் காட்டும். இரவில் பனி இறங்கும் தடங்களில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

0.02 வினாடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் பிராக்கெட் ரேஸ் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஒவ்வொருவரும் தன் கார் ஓடப்போகும் நேரத்தை முன்கூட்டியே கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டும். இதற்கு டயல்-இன் என்று பெயர். மோதும் இரண்டு கார்களில் மெதுவான காருக்கு, இரண்டின் டயல்-இன் வித்தியாசத்தின் அளவு முன்னதாகப் பச்சை விளக்கு. எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் அது பிரேக்-அவுட். எதிராளி அதைவிட மோசமாகத் தவறாதவரை தோல்வி. மதியம் ஓடிய 10.18ஐ நம்பி இரவிலும் அதையே ஒட்டினால் 10.09 ஓடி, முந்திக்கொண்டு தோற்கலாம்.

எரிபொருளில் வரும் வினை

காற்று மாறினால் திறன் மட்டும் மாறுவதோடு நின்றிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். காற்றும் எரிபொருளும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை என்பதுதான் சிக்கல்.

கார்புரேட்டரில் காற்று குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது உண்டாகும் உறிஞ்சல், ஜெட் எனப்படும் சிறு துளை வழியே பெட்ரோலை இழுக்கிறது. அடர்த்தி குறைந்தால் காற்றின் எடை அதே அளவு குறையும். பெட்ரோல் குறைவது அதன் வர்க்கமூலத்துக்குத்தான். அடர்த்தி 23 சதவீதம் போனால் பெட்ரோல் 12 சதவீதம்தான் குறையும். கலவையில் பெட்ரோல் மிஞ்சி, புகை கறுக்கும், பிளக் கரி படியும், கார் மந்தமாகும். கெட்ட பெயர்தான் வரும், இன்ஜின் கெடாது.

எதிர்த்திசையில் போனால்தான் ஆபத்து. மலைத் தடத்தில் அடர்த்தி 0.94க்குச் சரிசெய்த 13க்கு 1 கலவையோடு கடற்கரைத் தடத்துக்கு இறங்குங்கள். அங்கே ஒரு மாலையில் அடர்த்தி 1.20. காற்று 28 சதவீதம் கூடும், பெட்ரோல் 13 சதவீதம்தான் கூடும். கலவை 14.7க்கு 1 ஆகிவிடும். சாலையில் நிதானமாகப் போகும் காருக்கு அது நல்ல எண். முழு ஆக்சிலேட்டரில், உயர் அழுத்த விகிதத்தில், சிலிண்டருக்குள் வெப்பம் எகிறி பெட்ரோல் தானாக வெடிக்கத் தொடங்கும். சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும்போது பிஸ்டன் விளிம்பு உருகத் தொடங்கியிருக்கும். ஹோலி என்ற கார்புரேட்டர் நிறுவனத்தின் பொது விதி 2,000 அடிக்கு ஒரு ஜெட் எண். அடர்த்தி உயரம் 9,200லிருந்து 700க்கு இறங்கினால் நான்கு எண் பெரிய ஜெட் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் பெட்ரோல் சற்று அதிகமாக விட்டு முதல் ஓட்டம் போய், பிளக்கைக் கழற்றிப் பார்த்துப் பிறகு குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மெத்தனாலில் ஓடும் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை வேறு. அங்கே பம்ப் இன்ஜினோடு சுழல்கிறது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. அடர்த்தி 5 சதவீதம் குறைந்தால் எரிபொருள் அப்படியே இருக்கும். சரிசெய்ய, மிச்ச எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் குழாயில் உள்ள துளைவில்லையை மாற்றுகிறார்கள். அதற்குப் பில் என்று பெயர். இதில் பெரிய துளை என்றால் அதிகம் திரும்பிப்போகிறது, இன்ஜினுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டுக்கு நேர்மாறு. கார்புரேட்டரில் பழகியவர் கை மாறிப் போடும் முதல் தவறு இதுதான்.

கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன், அழுத்தத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் அளந்து தானே சரிசெய்துகொள்ளும். பெரும்பாலானவற்றில் ஈரப்பத உணரி கிடையாது. நீராவியையும் காற்றென்று நம்பி எரிபொருள் விடும். ஈர இரவில் கலவை 2, 3 சதவீதம் தடித்துப்போகும். அதனால் பெரிய சேதம் இல்லை.

சுருக்கமாக: மெல்லிய காற்றுக்குப் பொருத்திய இன்ஜினை அடர்ந்த காற்றில் ஓட்டுவதுதான் ஆபத்து. மாறாக நடந்தால் நேரம் மட்டும்தான் போகும்.

டென்வரிலிருந்து சோனோமாவுக்கு

இதையெல்லாம் ஒரே மாதத்தில் காட்டிய இடம் என்.எச்.ஆர்.ஏ.வின் வெஸ்டர்ன் ஸ்விங். டென்வர், சோனோமா, சியாட்டில் என்று அடுத்தடுத்து மூன்று போட்டிகள். பாண்டிமேரின் 5,800 அடியில் ஓடிய அணி, கலிபோர்னியாவில் கடல்மட்டத்தை ஒட்டிய சோனோமாவில் வந்து இறங்க வேண்டியிருந்தது. கடல்மட்டத் தடங்களில் 6.5, 6.6 வினாடி ஓடும் புரோ ஸ்டாக் கார்கள் பாண்டிமேரில் 6.9ஐ ஒட்டித் தவித்தன. 2023 ஜூலையோடு அங்கே தேசியப் போட்டிகள் முடிந்துவிட்டன.

டாப் ஃபியூயல் எனும் அதிவேகப் பிரிவுக் கார்களுக்கு சூப்பர்சார்ஜர் உண்டு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம். அது பெல்ட்டால் இன்ஜினோடு கட்டப்பட்டிருப்பதால் மெல்லிய காற்றையே அதே வேகத்தில் அள்ளித் தள்ளும், குறை குறையாகவே இருக்கும். அதனால் டென்வரில் புல்லியை மாற்றி அதை வேகமாகச் சுழற்றினார்கள். டர்போசார்ஜர் புகைபோக்கி வாயுவால் சுழல்வது. கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று இழந்ததில் பெரும்பகுதியைத் தானே மீட்டுக்கொள்ளும். "மலைத் தடத்துக்கு டர்போ" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, டர்போவின் சுழற்சி வரம்பு எட்டும்வரை.

மெல்லிய காற்று காரை எதிர்த்துத் தள்ளுவதும் குறைவுதானே, அதில் ஈடுகட்டிக்கொள்ள முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். ஆனால் திறன் இழப்பு புறப்பட்ட கணத்திலிருந்து தொடங்குகிறது. காற்றெதிர்ப்பு கடைசிப் பாதியில்தான் பெரிதாகிறது. வரவைவிடச் செலவு அதிகம்.

நல்ல காற்று, கெட்ட தடம்

அடர்ந்த குளிர்ந்த காற்று கிடைத்துவிட்டால் மட்டும் சாதனை வந்துவிடாது. குளிர்ந்த தடத்தில் டயரும் பிடிமானப் பசையும் சூடேறாமல் சக்கரம் வழுக்கும். மாறாக தடத்தின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தாண்டினால் பசை இளகி வழவழப்பாகும். காற்றின் வெப்பமும் தடத்தின் வெப்பமும் வேறு வேறு. தடத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் தனியாக அளக்க வேண்டும். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் தடத்தின் வெப்பம் சில நிமிடங்களில் இறங்கும், காற்று அவ்வளவு சீக்கிரம் மாறாது.

காற்று வீசும் திசை அடர்த்தி உயரத்தில் சேராது. எதிர்க்காற்று, பின்காற்று இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் முறை

கையடக்க வானிலைக் கருவி ஒன்று போதும். நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில், தரையிலிருந்து இடுப்புயரத்தில் வையுங்கள். தார்த்தரை மேலோ காரின் பானெட் மேலோ வைத்தால் 5, 6 டிகிரி கூடக் காட்டும். வாய்பாட்டின்படி அது 2 சதவீதப் பொய். ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். கருவியை காரிலிருந்து எடுத்தவுடன் படிக்காமல் 10 நிமிடம் விட்டுப் படியுங்கள். முதல் முறை இயக்கும்போது அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்டதா, நிலைய அழுத்தமா என்று அமைப்பில் பாருங்கள். உயரம் பூஜ்ஜியம் என்று கொடுத்தால் பெரும்பாலான கருவிகள் நிலைய அழுத்தத்தைக் காட்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரிசையில் நிற்கும்போது வெப்பம், நிலைய அழுத்தம், நீராவி அழுத்தம், அடர்த்தி உயரம், தட வெப்பம், காற்றுத் திசை, ஓடிய நேரம் என்று ஒரு வரி எழுதுங்கள். காலையில் எழுதிய எண்ணை மதியம் பயன்படுத்தாதீர்கள். சக்கரம் வழுக்கிய ஓட்டங்களை எழுதி, பக்கத்தில் கோடு போட்டுவிடுங்கள். அவற்றைச் சராசரியில் சேர்த்தால் கணக்கு நாசமாகும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே இன்ஜினை ஆறவிட்ட நேரத்தையும் குறிக்க வேண்டும், காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு சூடாக இருந்தால் வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்தும் பயனில்லை.

இருபது முப்பது சுத்தமான ஓட்டங்கள் சேர்ந்ததும் 100 அடிக்கு 0.01 என்ற பொது விதியை ஓரமாக வைத்துவிடலாம். உங்கள் காரின் எண் 0.008ஆகவோ 0.012ஆகவோ இருக்கும். அரைக்கால் மைல் (201 மீட்டர்) தடமென்றால் 0.006ஐ ஒட்டி.